இடிந்த ஸ்டேஷன், நின்றுபோன வண்டி: உங்களுக்கு எது நினைவிருக்கிறது?

வெள்ளவத்தைக்காரி:
கடற்கரைப் பக்கம் வீடு. காலிக்குப் போகும் ரயிலால் ஜன்னல் அதிர்ந்தால், யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான மீசாலை நினைவுக்கு வந்துவிடும். 1990 ஜூனில் கொழும்பு–யாழ்ப்பாண வண்டியான யாழ்தேவி நின்றதும், பிறகு தண்டவாளமும் அதைத் தாங்கும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர் கட்டப் போனதும் உங்களுக்குத் தெரியும். குண்டுவீச்சுக்குப் பயந்து எங்கள் வளவில் வெட்டிய பங்கருக்கு ஐந்து கட்டைகள் கூரையாயின. பொம்பர் சுற்றிய ஒரு மத்தியானம் எல்லாரும் உள்ளே இறங்கினோம். வெயிலில் கட்டையிலிருந்து தார் மணம். ஸ்டேஷன் மேடையில் நிற்கும்போது வருமே, அதே மணம். அம்மம்மா கையை உயர்த்தி ஆணித் துளையைத் தடவினார். கொழும்பையே கண்டிராதவர். "பிள்ளை, இப்போது எந்த ஸ்டேஷன்?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். பதினொரு வயது எனக்கு. "பேசாமல் இருங்கள்" என்று கத்திவிட்டேன். பகிடிக்குக் கேட்டாரா, உண்மையாகவே கேட்டாரா என்பது இன்றுவரை பிடிபடவில்லை.

கொட்டாஞ்சேனை 13:
1990 என்பது தவறு. 1985இல் முறிகண்டியில் யாழ்தேவிக்குக் குண்டு வைத்தபோதே எல்லாம் முடிந்தது. அதற்குப் பிறகு எங்கள் அப்பா பஸ்ஸில்தான் வந்தார்.

தெகிவளை ஓய்வூதியர்:
தம்பி, உங்கள் அப்பா பஸ் ஏறினார் என்பதற்காக ரயில் நின்றுவிடாது. நீங்கள் சொல்வது ஜனவரி 19. அதன்பின் சேவை தடைப்பட்டும் ஓடியும்தான் 1990 வரை வந்தது. 1956 முதல் ஓடிய வண்டியை இவ்வளவு சுலபமாக முடித்துவிடாதீர்கள்.

என் கதை சின்னது. 2002இல் யாழ்ப்பாணம் போகும் ஏ9 சாலை திறந்ததும் ஊருக்குப் போனேன். சாவகச்சேரி 2000ஆம் ஆண்டுச் சண்டையில் சிதைந்து கிடந்தது. உள்வீதியில் பழைய ரயில் கடவை ஒன்று; தண்டவாளம் இல்லை, கேட் இல்லை, எருக்கலம் பற்றை மட்டும். வான் சாரதி பிரேக் பிடித்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கடந்தார். வானில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பேசாலைப் பெடியன்:
எல்லாருக்கும் யாழ்தேவிதான். தலைமன்னார் துறையை யார் நினைக்கிறீர்கள்? 1914 முதல் கொழும்பில் ஒரே டிக்கெட் எடுத்து, கப்பல் மாறி, தனுஷ்கோடி வழியாகச் சென்னைக்குப் போக முடிந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டது. தாத்தா சாகும்வரை "அக்கரை வண்டி" என்றே சொல்வார். இடம் பெயர்ந்தபோது அவருடைய தகரப் பெட்டியை நான்தான் கிணற்றடியில் விட்டுவிட்டு வந்தேன்.

பம்பலப்பிட்டி அண்ணா:
தங்கச்சி, அந்தக் கட்டைகள் மிச்சம் இருந்தால் கவனம். அந்த மணம் வெறும் தார் அல்ல, கிரியோசோட். நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கும் எண்ணெய்; கறையான் அரிக்காமல், மரம் உக்காமல் இருக்க ஏற்றுவார்கள். அதை அடுப்பில் வைக்கவே கூடாது, புகை நஞ்சு. பிள்ளைகளுக்கு ஊஞ்சல் கட்டவும் வேண்டாம், வெறுங்கையால் அறுக்கவும் வேண்டாம். வேலிக்கு நடுவதானால் கிணற்றுக்குத் தள்ளி நடுங்கள். 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு வண்டி திரும்பியது கொங்கிரீட் கட்டைகள் மேல். அதில் மணமும் இல்லை, இந்தத் தொல்லையும் இல்லை. என் சொந்த அனுபவம் என்று சொல்ல ஒன்றுமில்லை, நான் பிறந்து வளர்ந்தது கொழும்பில்.

வெள்ளவத்தைக்காரி:
அண்ணா, பிந்திவிட்டீர்கள். அம்மம்மா இறந்து எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு விறகு கிடைக்கவில்லை. பங்கரைப் பிரித்து, இரண்டு கட்டைகளைக் கொத்தித்தான் சோறு வடித்தோம்.