பாதர்ஸ்ட் இன்ஜின் டிரைவர் வீடும் எலிசபெத் சிஃப்லியும்

சிட்னி பக்கம் இருக்கும் நம்ம ஆட்கள் ப்ளூ மவுண்டன்ஸ் வரை போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். மலையைத் தாண்டி இன்னும் மேற்கே போனால் பாதர்ஸ்ட், சிட்னியிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். அங்கே பஸ்பி ஸ்ட்ரீட்டில் 10ஆம் எண் வீடு, பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய சின்ன செங்கல் வீடு. 1945 முதல் 1949 வரை ஆஸ்திரேலியப் பிரதமராக இருந்த பென் சிஃப்லியும் அவர் மனைவி எலிசபெத்தும் வாழ்ந்தது இங்கேதான். இப்போது அருங்காட்சியகம். வருகிறவர்கள் பிரதமர் வீட்டைப் பார்க்க வருகிறார்கள், ஆனால் எனக்கு உள்ளே போனதும் அது ஓர் இன்ஜின் டிரைவர் வீடாகத்தான் தெரிந்தது. என் அப்பா ஜோலார்பேட்டை லோகோ ஷெட்டில் டிரைவர். நடுராத்திரி, டிரைவர்களை டியூட்டிக்குக் கூப்பிடும் ஆளான கால் பாய் வந்து கதவைத் தட்டி கால் புக்கில் கையெழுத்து வாங்கிப் போவதும், அம்மா எழுந்து அடுப்பு பற்றவைப்பதும் பார்த்தே வளர்ந்தவள் நான். அங்கேயும் அந்தக் காலத்தில் டிரைவர்களை எழுப்ப கால் பாய்கள் இருந்தார்கள், அதே வேலைதான்.

பென் பிறந்தது 1885இல், பாதர்ஸ்டிலேயே. அந்த ஊருக்கு ரயில் வந்ததே 1876இல்தான். ஐந்து வயதில் அவரைத் தாத்தாவிடம் விட்டுவிட்டார்கள், ஊருக்கு வெளியே லைம்கில்ன்ஸ் என்ற இடத்தில் பண்ணை. தாத்தாவின் சேமிப்பு 1893 வங்கி முறிவில் போயிற்று. பென் 1903இல் லோகோ ஷெட்டில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, இன்ஜினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் ஆகி, 1914இல் முதல் வகுப்பு டிரைவர் ஆனார், அந்த வயதில் அது பெரிய விஷயம். ராத்திரி வகுப்புகளுக்குப் போய்ப் படித்தவர், பிறகு மற்ற ரயில்வேக்காரர்களுக்கு அவரே பாடம் எடுத்தார்.

அதே 1914 ஜூனில் கல்யாணம். எலிசபெத்தின் அப்பாவும் இன்ஜின் டிரைவர். அதனால் அவர் கல்யாணமாகி வந்து கற்றுக்கொண்ட வாழ்க்கை இல்லை இது, பிறந்ததிலிருந்தே தெரிந்த வாழ்க்கை. ஒரே சிக்கல் மதம். பென் கத்தோலிக்கர், எலிசபெத் புராட்டஸ்டண்ட் பிரிவுகளில் ஒன்றான பிரஸ்பிட்டேரியன். இன்றைக்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் அன்றைய ஆஸ்திரேலியாவில் இந்த இரண்டு பக்கமும் ஒன்றுக்குள் ஒன்று பெண் எடுத்துக் கொடுப்பது சாதாரணம் கிடையாது. பாதர்ஸ்டில் இல்லாமல் சிட்னியில், க்ளீப் பகுதியில் ஒரு பிரஸ்பிட்டேரியன் தேவாலயத்தில் திருமணம் நடந்தது. தன் சபையின் அதிருப்தி வரும் என்று தெரிந்தேதான் பென் போனார்.

குடியேறிய பஸ்பி ஸ்ட்ரீட் வீடு எலிசபெத்தின் பெற்றோர் ஏற்பாடு செய்து கொடுத்தது. நான் சொல்ல வந்ததே இதுதான். ஏனென்றால் மூன்று வருடத்தில், 1917 ஆகஸ்ட் 2ஆம் தேதி, சிட்னி ஈவ்லி ரயில்வே பட்டறையிலும் ராண்ட்விக் டிராம் பட்டறையிலும் ஸ்டிரைக் தொடங்கியது. ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று அட்டை போட்டுக் குறிக்கும் முறையை நிர்வாகம் கொண்டுவந்ததுதான் காரணம். அது மாநிலம் முழுக்கப் பரவி ஆறு வாரம் போலப் போனது. பாதர்ஸ்ட் டிரைவர்கள் பலரோடு பென்னும் வெளியே வந்தார். தோல்விதான். வேலை போனது. திரும்ப எடுத்துக்கொண்டபோது டிரைவராக இல்லை, ஃபயர்மேனாக. அதுவரை அவருக்குக் கீழே இருந்தவர்கள், ஸ்டிரைக்குக்கு வராதவர்கள், மேலே போய்விட்டார்கள். இழந்த சீனியாரிட்டி 1925இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஜாக் லாங் அரசு வந்த பிறகுதான் திரும்பக் கிடைத்தது. ரயில்வே குடும்பத்தில் இருந்தவர்களுக்கு இது புரியும், சம்பளம் குறைவதைவிட சீனியாரிட்டி போவதுதான் ஆளை அரித்துவிடும். தலைக்கு மேல் ஒரு கூரை மாமனார் வீட்டுப் பக்கத்திலிருந்து வந்திருந்ததால் அந்த வருடங்களைத் தாண்டினார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். சிஃப்லியைப் பற்றிப் பேசுகிறவர்கள் 1917ஐச் சொல்கிறார்கள், எலிசபெத் வீட்டாரைச் சொல்வதில்லை. அது நியாயமே இல்லை.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. பென் 1928இல் பாராளுமன்றம் போய், 1931இல் தோற்று, 1940இல் மறுபடி ஜெயித்து, போர்க்கால நிதியமைச்சர் ஆகி, அப்புறம் பிரதமர். கான்பெராவில் பிரதமர் மாளிகைக்குக் குடிபோகவில்லை, குர்ராஜோங் ஹோட்டலில் ஓர் அறையிலேயே இருந்தார். எலிசபெத் பெரும்பாலும் பஸ்பி ஸ்ட்ரீட்டிலேயே இருந்துவிட்டார், உடல்நலமும் ஒரு காரணம். 1949 நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தை உடைக்க ராணுவத்தை இறக்கியவரும் இதே பென்தான். 1917இல் அடிபட்டவர் எப்படி இதைச் செய்தார் என்று எனக்கு இன்றுவரை மனசு ஆறவில்லை. 1951 ஜூன் 13 அன்று அந்த ஹோட்டல் அறையில் அவருக்கு மாரடைப்பு வந்தது, அன்றிரவே காலமானார். எலிசபெத் 1962 வரை இருந்தார். வீட்டுச் சாமான்கள் அப்படியே இருக்கின்றன. பென் ஓட்டிய 5112ஆம் எண் நீராவி இன்ஜினையும் பாதர்ஸ்டில் பாதுகாக்கிறார்கள், குழந்தைகளோடு போகிறவர்கள் அதையும் பாருங்கள்.

இதுபோல ரயில்வே தம்பதிகள் யாரையாவது சந்தித்திருந்தால் எழுதுங்கள்.

மறுமொழி, அடிலெய்டிலிருந்து:

அக்கா, நான் முதியோர் இல்லத்தில் நர்ஸ். எங்களிடம் இருக்கும் ஒரு பாட்டி நல்லார்பர் சமவெளியில் வாழ்ந்தவர், கணவர் தண்டவாளம் பராமரிக்கும் கேங்கில். போர்ட் அகஸ்டாவிலிருந்து கல்கூர்லிக்கு 1917இல் முடிந்த பாதை அது, அதில் 478 கிலோமீட்டர் ஒரு வளைவுகூடக் கிடையாது, மரமும் கிடையாது. கடை, கறிக்கடை, சம்பளம், தண்ணீர் எல்லாமே ‘டீ அண்ட் ஷுகர்’ என்ற ரயிலில்தான் வரும், வாரத்துக்கு ஒருமுறை. கறிக்கடைக்காரர் தனிப் பெட்டியில் நின்று வெட்டிக் கொடுப்பாராம், பெண்கள் நல்ல உடை போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பார்களாம், ஏனென்றால் மற்ற மனித முகம் பார்க்கிற நாள் அது ஒன்றுதான். கிறிஸ்துமஸ் சமயம் அதே ரயிலில் தாத்தா வேடம் போட்டவர் வந்து பிள்ளைகளுக்குப் பரிசு கொடுப்பார். ரொட்டி, தையல், பிள்ளைகள் படிப்பு எல்லாம் பாட்டி தலையில்தான். தண்டவாளத்துக்கு அடியில் மரக்கட்டைக்குப் பதில் கான்கிரீட் ஸ்லீப்பர் வந்ததும் கேங் ஆட்கள் குறைந்தார்கள், 1996இல் அந்த ரயிலும் நின்றது, அடுத்த வருடம் அந்தப் பாதையில் இருந்த குக் என்ற ஊரே கிட்டத்தட்ட காலி. ‘என் பெயர் எந்த ரிஜிஸ்டரிலும் இருக்காது, என் கணவர் பெயர்தான் இருக்கும்’ என்று பாட்டி சொன்னார். எனக்கு என்ன பதில் சொல்வது என்றே தெரியவில்லை.

பதிவிட்டவர்:

தம்பி, அவர் சொல்வது பெரும்பாலும் சரிதான். ரயில்வே நேரடியாகச் சம்பளம் கொடுத்த பெண்கள் மட்டும் ஏட்டில் இருக்கிறார்கள், லெவல் கிராசிங் கேட் பார்த்தவர்கள் போல. விக்டோரியாவில் கணவர் தண்டவாள வேலை, மனைவி கேட் கீப்பர், இருவருக்குமாக கேட் பக்கத்திலேயே ரயில்வே வீடு என்று நிறையக் குடும்பங்கள் இருந்தன. நல்லார்பர் பாதை அப்போது மத்திய அரசின் காமன்வெல்த் ரயில்வேஸ் உடையது, அதன் ஆவணங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும், கணவர் பெயரில் தேடிப்பாருங்கள். ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் (Trove) இணையதளத்தில் பழைய செய்தித்தாள்கள் இலவசம், கல்யாணச் செய்தி, பள்ளிக்கூட விழா, விபத்து என்று மனைவிமார் பெயர் அங்கேதான் அகப்படும். அதைவிட முக்கியம், பாட்டி சம்மதித்தால், அவர் குடும்பத்திடமும் உங்கள் மேலதிகாரியிடமும் கேட்டுவிட்டு, அவர் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். எந்த வருடம், பாதையில் எந்த சைடிங் (ரயில் நிற்கும் சின்ன இடம்), கேங்கில் எத்தனை குடும்பம், பிரசவத்துக்கு எங்கே போனார்கள், தண்ணீரை எப்படிப் பங்கிட்டார்கள், இதெல்லாம் கேளுங்கள். இந்த மாதமே கேளுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.