கேப்ஸ்யூலைக் குத்தியதும் கேஸ் சீறுகிறது, பத்து ஷாட்டுக்குப் பிறகு குறி இறங்குகிறது: சீலா, வால்வா?

மலைக்காற்று:
12 கிராம் சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) கேப்ஸ்யூல் போடும் 4.5 மி.மீ. ஏர் பிஸ்டல், எட்டு ரவுண்ட் சக்கரம், ஈயப் பெல்லட். கைப்பிடிக்குள் இருக்கும் திருகை முறுக்கி கேப்ஸ்யூலைக் குத்தும்போது நாலைந்து விநாடி 'உஸ்' என்று சீறுகிறது. இன்னும் முறுக்கினால் நிற்கிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் முன்னைவிடக் கூடுதலாக முறுக்க வேண்டியிருக்கிறது. முன்பு ஒரு கேப்ஸ்யூலில் 50 ஷாட் வரும், இப்போது 25 தாண்டுவதில்லை. வேகமாகப் பத்து சுட்டால் 10 மீட்டர் அட்டையில் குறி கீழே கீழே போகிறது. இடம் ஊட்டி, காலை ஏழு மணி, சுமார் 10 டிகிரி. துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்தும் பயனில்லை. வால்வைக் கழற்றிப் பார்க்கலாமா சார்?

ஓரிங்:
வால்வைத் (ஒவ்வொரு ஷாட்டுக்கும் கேஸைத் திறந்துவிடும் பகுதி) தொடாதீங்க. உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறு. சீறல் சீலால் (கேப்ஸ்யூலின் கழுத்து அழுந்தி உட்காரும் வளையம்) வருவது, குறி இறங்குவது குளிரால் வருவது. இரண்டையும் ஒரே திருகால் சரிசெய்யப் பார்க்கிறீங்க.

ஊசி கேப்ஸ்யூலின் கழுத்தைத் துளைத்ததும் கேஸ் வெளியே வரும். கழுத்து சீலில் அழுந்தி உட்காரும்வரை அது கசிந்துகொண்டுதான் இருக்கும். சீல் காய்ந்து இறுகியிருந்தால் உட்கார நேரமாகும். அப்போது பலமாக முறுக்கினால் சீலில் வட்டப் பள்ளம் விழும். அடுத்த கேப்ஸ்யூல் அந்தப் பள்ளத்தில்தான் உட்காரணும், அதனால் இன்னும் முறுக்கணும். நீங்க சொல்வது அப்படியே இதுதான்.

முதலில் சோதனை: பெல்லட் இல்லாமல், காக் செய்யாமல் (சுத்தியலைப் பின்னால் இழுக்காமல்), கேப்ஸ்யூல் வாய்ப்பக்கமும் குழல்முனையிலும் சோப்பு நுரையைப் பஞ்சால் தடவுங்க. வாய்ப்பக்கம் குமிழி வந்தால் சீல். குழல்முனையில் வந்தால் மட்டும் வால்வு.

சீலை மரப் பல்குச்சியால் எடுங்க, இரும்பு ஊசி வேண்டாம். பள்ளம் தெரிந்தால் மாற்றத்தான் வேணும். சாதாரண நைட்ரைல் ரப்பர் சிஓ2வை உறிஞ்சி, கேஸ் போனதும் உப்பும். ஒரு நாள் வெளியே வைத்தால் சுருங்கிவிடும், எடுத்த உடனே "அளவு தப்பு" என்று எறிந்துவிடாதீங்க. பாலியூரித்தேன் சீல் கிடைத்தால் நல்லது. நைட்ரைல்தான் என்றால் ரப்பரின் கடினத்தைச் சொல்லும் ஷோர் அளவில் 70க்குப் பதில் 90 உள்ளதாகப் பார்த்து வாங்குங்க.

போடும்போது கேப்ஸ்யூலின் நுனியில் ஏர்கன் எண்ணெய் ஒரு சொட்டு. கையால் முட்டும்வரை திருகி, பிறகு தயங்காமல் ஒரே வீச்சில் குத்துங்க. சீறல் நின்ற இடத்தில் கையும் நிற்கணும். துரு நீக்கும் ஸ்ப்ரேயை நிறுத்துங்க. அதிலுள்ள கரைப்பான் இருக்கிற எண்ணெயையும் கழுவிவிடும், ரப்பரையும் கெடுக்கும்.

அழுத்தமானி:
குறி இறங்குவதைப் பற்றி. கேப்ஸ்யூலில் சிஓ2 திரவமாக இருக்கிறது, திரவம் மிச்சமிருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பம்தான். 20 டிகிரியில் சுமார் 57 பார் (அழுத்த அலகு), 10 டிகிரியில் 45, 0 டிகிரியில் 35. ஒவ்வொரு ஷாட்டிலும் கொஞ்சம் திரவம் ஆவியாகி கேப்ஸ்யூலின் சூட்டை இழுத்துக்கொள்கிறது. ஊட்டியில் ஏற்கெனவே 45ல் தொடங்கி, வேகமாகச் சுட்டால் இன்னும் இறங்கும்.

ஷாட்டுக்கு ஷாட் 10 முதல் 15 விநாடி விடுங்க. சக்கரம் முடிந்ததும் இரண்டு நிமிடம். புது கேப்ஸ்யூலைச் சட்டைப்பைக்குள் வைத்திருங்க. அடுப்பு, வெந்நீர் பக்கம் போகவே வேண்டாம், 50 டிகிரிக்கு மேல் அது ஆபத்து. காரில் வெயிலில் விடுவதும் அதே கணக்குதான்.

(இதற்கு நேர் எதிரான தொல்லை வேலூர் சித்திரை வெயிலில் வரும். அழுத்தம் கூடி, சுத்தியல் வால்வைத் திறக்கமுடியாமல் ஷாட் மெலிந்து வரும், அல்லது வரவே வராது. கேஸ் தீர்ந்துவிட்டது என்று நினைத்து கேப்ஸ்யூலைக் கழற்றினால் முகத்துக்கு நேரே சீறும். நிழலில் ஆறவிடுங்க.)

மலைக்காற்று:
நன்றி சார். சீலில் பள்ளம் தெளிவாகத் தெரிந்தது. மாற்றி, ஒரு சொட்டு எண்ணெயோடு போட்டதில் சீறல் ஒரு விநாடிதான். இடைவெளி விட்டுச் சுட்டதில் 46 ஷாட். பாதி தீர்ந்த கேப்ஸ்யூலை அடுத்த நாளுக்கு வைத்துக்கொள்ளலாமா?

ஓரிங்:
வேண்டாம். இரவு முழுக்க அழுத்தத்தில் இருந்தால் புது சீலும் நசுங்கும். பெல்லட் இல்லாமல், பாதுகாப்பான திசையில், சத்தம் அடங்கும்வரை சுட்டுத் தீருங்க. பிறகு திருகை அரைச் சுற்று மட்டும் தளர்த்தி, மிச்சக் காற்று போனபின் கழற்றுங்க. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்க, வெளியே வரும் கேஸ் தோலைச் சுட்டுவிடும் அளவுக்குக் குளிர்.

அழுத்தமானி:
ஒரே மாலையில் திரும்பச் சுடுவதாக இருந்தால் உள்ளேயே விடலாம் என்பது என் பழக்கம். ராத்திரி தாண்டக்கூடாது என்பதில் ஓரிங் சொல்வதே சரி.