ஒரே வாத்தியாரிடம் நின்றுவிடுவதா? மரவேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. உளி, ரம்பம், இழைப்புளி மட்டும் வைத்து மரவேலை பழக ஆரம்பித்து ஏழு மாதம் ஆகிறது. டவ்டெயில் இணைப்பில் (இரண்டு பலகைகளை மூலையில் புறா வால் வடிவப் பற்களால் கோர்ப்பது) மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

மரவேலை ஆசிரியர் பால் செல்லர்ஸ் வீடியோவில் ஒவ்வொரு கோட்டையும் ஏன் போடுகிறோம் என்று நிதானமாகச் சொல்லி, டெயில் பலகையை, அதாவது வால் வடிவப் பற்கள் உள்ள பலகையை, முதலில் அறுக்கிறார். ஹங்கேரியில் தொழில் பழகி அமெரிக்கா போன ஃபிராங்க் கிளவுஸ் அப்படியே தலைகீழ், கோடு அதிகம் கிழிக்காமல் கண்பார்வையிலேயே 'பின்' (pin) பலகையை, அதாவது அந்த வால்களுக்கு இடையில் நுழையும் பற்கள் உள்ள பலகையை, முதலில் சரசரவென்று அறுத்துவிடுகிறார். பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தக் கை பல வருடம் பழகிய கை.

அப்புறம் எங்கள் ஊர் ஆசாரி. விளக்கமே கிடையாது, "பாத்துக்கோ தம்பி" என்பதோடு சரி. போன வாரம் நான் ரம்பத்தை இறுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்து, பேசாமல் என் ஆள்காட்டி விரலை மட்டும் எடுத்து கைப்பிடியின் பக்கவாட்டில் நீட்டி வைத்தார், அடுத்த அறுப்பு கோட்டை விட்டு விலகவே இல்லை. அவரிடம் கேள்வி கேட்கத்தான் தயக்கமாக இருக்கிறது.

அடுத்து, தங்கைக்குத் தேக்கில் ஒரு பெட்டி செய்யப்போகிறேன். நீங்கள் கற்றபோது முதல் வருடம் ஒருவர் முறையை மட்டுமே பிடித்துக்கொண்டீர்களா? அதிகம் பேசாத ஆசானிடம் காரணம் கேட்டு வாங்குவது எப்படி? அனுபவப்பட்டவர்கள் விரிவாகவே எழுதுங்கள்.