‘புறப்பாடு ரத்து’ பொருந்தாது: ‘மேலெழல் கைவிடல்’ என்று வைப்போம்

விமானத்துறைக்குத் தமிழ்ச் சொல் தேடும் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஓடுபாதையில் விரையும் விமானத்தை எழவிடாமல் விமானி நிறுத்துவதற்குப் ‘புறப்பாடு ரத்து’ என்ற சொல் முன்மொழியப்பட்டிருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. படிப்பவர், விமானம் கிளம்பவே இல்லை, டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்கும் என்றுதான் நினைப்பார். எங்கள் திருப்பாதிரிப்புலியூரில் சுவாமி புறப்பாடு என்றால் இருப்பிடம் விட்டு வெளியே வருவது. விமானமும் நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்ததுமே புறப்பட்டுவிட்டது. தரை விட்டு எழுவது வேறு செயல், அது ‘மேலெழல்’. தொடங்கியதை நடுவில் விடுவது ‘கைவிடல்’. “விமானி மேலெழலைக் கைவிட்டார்” என்று செய்தியில் எழுதிப் பாருங்கள், உறுத்தாது.

அடுத்து, நிற்பதா எழுவதா என்று விமானி தீர்மானித்துவிடவேண்டிய வேகத்துக்கான ‘முடிவு வேகம்’ என்ற சொல். அந்த வேகத்தைத் தாண்டிவிட்டால் மிச்சமுள்ள ஓடுபாதைக்குள் நிற்க முடியாது. ஓர் எஞ்சின் பழுதானாலும் எழுந்தே ஆகவேண்டும். ஆனால் ‘முடிவு’ என்பது கடைசி என்றும் பொருள்படுகிறதே! தீர்மானத்துக்கு நம்மிடம் ‘துணிபு’ என்ற பழஞ்சொல் இருக்கிறது. ‘துணிபு வேகம்’ என்றால் குழப்பமில்லை.

இந்தச் சொல் ஏன் துல்லியமாக இருக்கவேண்டும் என்பதற்கு 1992 ஜூலை 30 அன்று நியூயார்க்கில் நடந்ததே சான்று. டி.டபிள்யூ.ஏ. என்ற அமெரிக்க விமான நிறுவனத்தின் எல்-1011 விமானம் துணிபு வேகத்தைக் கடந்து தரையை விட்டும் எழுந்துவிட்டது. அந்த நொடியில் விமானியின் கைப்பிடி குலுங்கி, இறக்கைகள் தூக்குவிசையை இழக்கின்றன என்று எச்சரித்தது. உண்மையில் விமானம் நன்றாகவே பறந்துகொண்டிருந்தது. ‘தாக்குகோணத்தை’, அதாவது இறக்கையும் எதிர்வரும் காற்றும் சந்திக்கும் கோணத்தை, அளக்கும் உணரிதான் பழுது. கேப்டன் விமானத்தை மீண்டும் தரையில் இறக்கினார். அது ஓடுபாதையை விட்டு விலகித் தீக்கிரையானது. உள்ளே இருந்த 292 பேரும் உயிர் தப்பினார்கள் என்பதை இன்று படித்தாலும் நெஞ்சு நிறைகிறது.

அந்த எச்சரிக்கையைத் ‘தவறான எச்சரிக்கை’ என்பதைவிடப் ‘பொய் எச்சரிக்கை’ என்பதே சரி. கடலூர் துறைமுகத்தில் கூண்டு ஏற்றிய பிறகு புயல் வேறு பக்கம் போனதுண்டு. அதைப் பொய் என்று சொல்லமாட்டேன். கடலில் புயல் இருந்தது, திசைதான் மாறியது. அந்த விமானத்திலோ, சொல்லப்பட்ட ஆபத்தே இல்லை.

‘தாக்குகோணம்’ மட்டும் எனக்கு இன்னும் நிறைவளிக்கவில்லை. காற்று இறக்கையைத் தாக்குவதில்லை, எதிர்கொள்கிறது. ‘எதிர்கோணம்’ என்றால் கணிதத்தில் வேறு பொருள் வந்துவிடுகிறது. புதுச்சேரி நண்பர்கள் வேறு சொல் தந்தால் மகிழ்வேன்.