ஸ்கேனில் கணு இல்லை, பிறகு ஏன் ஆபரேஷன்?

தேவகோட்டை மகள்:
அப்பச்சிக்கு உணவுக்குழாயில் ஆரம்பநிலைப் புற்றுநோய், ஸ்குவாமஸ் வகை (உள்பக்கத் தட்டைச் செல்களில் வருவது). எண்டோஸ்கோப்பி வழியாகவே கட்டியை எடுத்துவிட்டார்கள். பெட் ஸ்கேனில் புற்று பரவிய நிணநீர்க் கணு எதுவும் தெரியவில்லை. பயாப்ஸி வந்த பிறகு, உணவுக்குழாயையே எடுக்கலாம் என்கிறார்கள். அவரோ பணியாரம் சாப்பிட்டுக்கொண்டே "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்கிறார்.

காரைக்குடி பேத்தாலஜிக்காரன்:
ஆச்சி, கணுவுக்குள் இருக்கும் நுண்ணிய புற்றுப் படிவு ஸ்கேனில் தப்பிவிடும். எடுத்த கட்டியின் ரிப்போர்ட்தான் சரியாகச் சொல்லும். ஆழம் என்ன? டி1ஏ என்றால் சளிச்சவ்வோடு நின்றது, பரவும் வாய்ப்பு குறைவு. டி1பி என்றால் அதற்கும் கீழே இறங்கியது. அங்கே நிணநீர்க் குழாய்கள் வலைபோல ஓடும். ஸ்குவாமஸில் 200 மைக்ரான் (0.2 மி.மீ.) கீழே இறங்கினாலே, கணுவுக்குப் பரவியிருக்குமோ என்று யோசிப்போம்.

தேவகோட்டை மகள்:
டி1பி. 'எல்விஐ பாசிட்டிவ்' என்றும் இருக்கிறது.

காரைக்குடி பேத்தாலஜிக்காரன்:
சரி, அதுதான் காரணம். எல்விஐ பாசிட்டிவ் என்றால், புற்றுச்செல் நிணநீர்க் குழாய்க்குள்ளோ ரத்தக் குழாய்க்குள்ளோ நுழைந்ததை மைக்ராஸ்கோப்பில் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். ஆழத்தைவிட எனக்கு அந்த வரிதான் உறுத்தும்.

புதுவயல் அண்ணன்:
தங்கச்சி, வயதும் இதயமும் இடம் கொடுக்காவிட்டால் கீமோவும் ரேடியேஷனும் சேர்த்துக் கொடுப்பதுண்டு. அதையும் கேளுங்கள்.