தங்கமீனின் முதுகில் சிவந்த வீக்கம்: காயமா, ஒட்டுண்ணியா?

கேள்வி (கிளிநொச்சி)

வணக்கம். எங்கள் வீட்டுத் தொட்டியில் உள்ள தங்கமீன் ஒன்றின் முதுகுச் செட்டையின் அடியில் சிவந்த வீக்கம் ஒன்று தோன்றி, அதன் நடுவிலிருந்து நூலிழை போன்ற ஏதோவொன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. வடிகட்டிக் குழாயில் உரசிச் செதில் பெயர்ந்ததா, நோயா என்று தெரியவில்லை. அது அடிக்கடி மணலில் உடலைத் தேய்க்கிறது. இன்னொன்றின் செவுள் மூடியில் வெண்புள்ளிகளும், மூன்றாவதன் வால் விளிம்பில் கருமையும் தெரிகின்றன. ஊற்றுவது குழாய்க்கிணற்றுத் தண்ணீர். கேத்தலில் வெள்ளையாகப் படியும் அளவுக்குக் கடினமானது. அண்மையில் குளத்துப் பாசி கொஞ்சம் கொண்டுவந்து இட்டோம். கல்லுப்புப் போட்டால் போதுமா?

பதில் (வவுனியா)

அந்த இழையை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். நுனி இரண்டாகப் பிரிந்து இரு சிறு பைகள் தொங்கினால், அது நங்கூரப்புழு. அப்பைகளில் இருப்பவை முட்டைகள். இறால், நண்டு வகுப்பைச் சேர்ந்த இந்த ஒட்டுண்ணியின் தலை நங்கூரம்போலக் கிளைத்துத் தசைக்குள் புதைந்திருப்பதால்தான் சுற்றியுள்ள தோல் வீங்கிச் சிவக்கிறது. உரசிய காயமாக இருந்தால் செதில் பெயர்ந்த இடம் வெளிறித் தட்டையாக இருக்கும். இழை எதுவும் நீளாது. பாசியோடு இது வந்திருக்கலாம் என்பதே என் கணிப்பு.

மீனை ஈரத்துணியில் பிடித்து, சாவணத்தால் புழுவைத் தோலோடு ஒட்டிய இடத்தில் பற்றி, வாற்பக்கமாக நிதானமாக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் தலை உள்ளே அறுந்துபோய்ப் புண் சீழ்ப்பிடிக்கும்.

வெண்புள்ளிகள் செவுள் மூடியிலும் மார்புச் செட்டையின் முன்முள்ளிலும் மட்டும் வரிசையாக இருந்தால், அது இனப்பெருக்கப் பருவத்து ஆண்மீன், மருந்து வேண்டாம். உப்புத் தூவியதுபோல உடலெங்கும் பரவினால் மட்டுமே வெண்புள்ளி நோயைச் சந்தேகியுங்கள்.

பதில் (முல்லைத்தீவு)

உப்பைப் பற்றி ஒரு சொல். தொட்டி மீன் தாங்கக்கூடிய அளவு உப்பு, தசையில் புதைந்த புழுவைக் கொல்லாது. கிருமிகொல்லியாகப் பயன்படும் ஊதாநிற உப்பான பொற்றாசியம் பரமங்கனேற்றை நாடுவோரும் உண்டு. ஆனால் காரத்தன்மை கூடிய தண்ணீரில் அது மங்கனீசு ஈரொட்சைட்டு என்னும் பழுப்புப் படிவாகச் செவுளில் படிந்து மூச்சை அடைக்கக்கூடும் என்பதால், உங்கள் கிணற்றுத் தண்ணீருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். புழுவை அகற்றிய மீன்களை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, தொட்டியை ஒரு கிழமைக்கு மேல் மீனின்றி விடுங்கள். ஒட்ட மீன் கிடைக்காத இளம்புழுக்கள் மடிந்துவிடும். வடிகட்டியை மட்டும் நிறுத்தாதீர்கள். அதிலுள்ள நல்ல பற்றீரியாக்கள் செத்தால், மீன் கழிவிலிருந்து உண்டாகும் நச்சான அமோனியா ஏறும்.

வால் விளிம்பின் கருமையும் அமோனியாவோடு தொடர்புடையதாக இருக்கலாம். தங்கமீனில் அமோனியா பட்டுப் பொசுங்கிய இடம் ஆறும்போது கறுப்பது வழக்கம். காரத் தண்ணீரில் அமோனியாவின் நச்சுப் பங்கு கூடுவதால், தண்ணீரைச் சோதித்து, ஒரு பகுதியை அடிக்கடி மாற்றுங்கள்.

பதில் (மாங்குளம்)

அந்தப் பாசியை எடுத்து வெயிலில் காயப்போடுங்கள். தொட்டித் தண்ணீரைக் குளத்துக்குப் போகும் வாய்க்காலில் ஊற்றவேண்டாம்; இப்புழு கெண்டைகளிலும் ஒட்டும், குளத்து மீனை நம்பிப் பல குடும்பங்கள் இங்கே வாழ்கின்றன. தென்னையின் அடியில் ஊற்றுங்கள்.