கடை ரசீதை வைத்து செரந்தாக் சமன்பாடு: விடை நேராக வரவில்லை, உதவுங்கள்

டியூஷன் டீச்சர், சுங்கை சிப்புட், மலேசியா:
அவசரம். நாளை சாயங்காலம் வகுப்பு. படிவம் 1 (இடைநிலைப்பள்ளி முதல் ஆண்டு) பிள்ளைகளுக்குச் செரந்தாக் சமன்பாட்டை, அதாவது தெரியாத இரண்டை இரண்டு சமன்பாட்டிலிருந்து கண்டுபிடிப்பதை, கடைக் கணக்காகச் சொல்லிக்கொடுக்க வீட்டு ரசீது இரண்டை எடுத்தேன். விடை 1.98333 என்று முடியாமல் போகிறது. மூன்று தடவை போட்டுவிட்டேன். எங்கே தப்பு?

பழைய லயம்:
என்ன சாமான், எத்தனை, எவ்வளவு? அதைச் சொல்லுங்கள் டீச்சர்.

பால்மரத்துத் தம்பி:
பிரதியிடல் முறையில், அதாவது ஒன்றை மற்றதன் வழியாக எழுதிப் போட்டீர்களா? அதில்தான் கழித்தல் குறி விட்டுப்போகும். நீக்கல் முறையில், அதாவது கழித்து ஒன்றை நீக்கிப் போடுங்கள், சரியாகிவிடும்.

டியூஷன் டீச்சர்:
மன்னிக்கவும். 2 சவர்க்காரம், 1 பிஸ்கட்: 6.75 வெள்ளி (ரிங்கிட்). 1 சவர்க்காரம், 2 பிஸ்கட்: 7.55. ஒரே கடை, ஒரே நாள். நீக்கல் முறைதான் தம்பி.

கணக்கு வாத்தியார்:
பாடம் நடத்துகிறவர் எண்ணை முன்கூட்டியே சோதித்திருக்க வேண்டும், இது அடிப்படை. ஒன்பதாம் நூற்றாண்டில் கணித அறிஞர் மகாவீரர் கொடுத்த கணக்கைப் பாருங்கள். எலுமிச்சை இனத்துப் பழம் 9, விளாம்பழம் 7, சேர்த்து விலை 107. அதே பழம் 7, விளாம்பழம் 9 என்றால் 101. இரண்டையும் கூட்டினால் 16 ஜோடிக்கு 208, அதாவது ஜோடி 13. கழித்தால் இரண்டு மடங்கு வித்தியாசம் 6, அதாவது வித்தியாசம் 3. ஆக முதல் பழம் 8, விளாம்பழம் 5. இப்படிப்பட்ட எண்ணைத்தான் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும்.

ராசாத்தி அக்கா:
எனக்கு ஒரு சந்தேகம். விலை அலமாரியிலேயே ஒட்டியிருக்கிறதே, அதை எதற்கு இரண்டு ரசீதிலிருந்து தேட வேண்டும்? பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

பழைய லயம்:
அக்கா, எங்கள் தோட்டத்துக் கடையில் கடன் புத்தகத்தில் மொத்தம் மட்டும்தான் எழுதுவார்கள். சம்பள நாளில் அம்மா போன வாரத்துத் தொகையையும் இந்த வாரத்துத் தொகையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அரிசி என்ன விலைக்குப் போட்டிருக்கிறான் என்று விரல் மடக்கிக் கணக்குப் போடுவார். எழுத்து தெரியாது, செரந்தாக் தெரியும்.

கணக்கு வாத்தியார்:
அது மனக்கணக்கு. சமன்பாடு ஆகாது.

பழைய லயம்:
தெரியாத இரண்டை இரண்டு செய்தியிலிருந்து பிரித்தெடுத்தால் அதற்கு வேறென்ன பேர் ஐயா?

பால்மரத்துத் தம்பி:
பேச்சு எங்கேயோ போகிறது. டீச்சர், ரொக்கமா கார்டா?

டியூஷன் டீச்சர்:
ரொக்கம். ஏன்?

பால்மரத்துத் தம்பி:
அதுதான்! முறையில் தப்பே இல்லை, நான் முதலில் சொன்னதை விட்டுவிடுங்கள். 2008 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் 1 காசு (சென்) நாணயம் வெளியிடுவதில்லை. ரொக்கமாகக் கட்டினால் மொத்தத்தை அருகிலுள்ள 5 காசுக்கு மாற்றிவிடுவார்கள். 1, 2 என்று முடிந்தால் 0 ஆகும்; 3, 4 என்றால் 5; 6, 7 என்றாலும் 5; 8, 9 என்றால் அடுத்த 10. சாமான் விலையில் கைவைப்பதில்லை, கடைசி மொத்தத்தில் மட்டும்தான். ரசீதில் கட்டிய தொகை அச்சான இடத்துக்கு மேலே, இந்த மாற்றத்தைக் காட்டும் சின்ன எழுத்து வரிசை ஒன்று இருக்கும், பாருங்கள்.

டியூஷன் டீச்சர்:
ரசீதின் அடி மடிந்திருந்தது. விரித்தேன். இரண்டிலும் −0.02. அப்படியென்றால் உண்மையான மொத்தம் 6.77, 7.57. முதலாவதை இரட்டித்தால் 13.54, அதில் 7.57 போக 5.97. மூன்றால் வகுத்தால் சவர்க்காரம் 1.99, பிஸ்கட் 2.79! நன்றி தம்பி.

ராசாத்தி அக்கா:
அந்த 2 காசை ஒளிக்காமல் பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள் டீச்சர்.

டியூஷன் டீச்சர் (மறுநாள்):
நடத்தியாயிற்று. ரசீதை மடித்தே கொடுத்தேன் அக்கா. விளாம்பழக் கணக்கு வீட்டுப்பாடம்.